டிவிஆருக்கு புது டிஸ்க் போட்ட கதை

மாப்ள, நல்லாருக்கியா, தங்கச்சி பிள்ளைங்கல்லாம் எப்படி இருக்காங்க? உன் கடை டிவிஆர்லயும், அதான் கேமரா ரெக்கார்டிங் பெட்டியில, அஞ்சு நாளைக்கு மேல ரெக்கார்டிங் நிக்கலன்னு போன்ல சொன்னல்ல, பஸ் சத்தத்துல ஒழுங்கா பேச முடியல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

நம்ம கடையில ஒரு பெரியவர் வந்து, போன வாரமே பாக்கிக்கு 3000 கொடுத்துட்டேன் நீ வரவு எழுதலன்னாரு. நான் தெனாவட்டா கேமராவ பாத்துருவோம் தாத்தான்னு உக்காந்தா, அந்த நாளே இல்ல, மேலயே எழுதி அழிச்சிருச்சு. கடைசில பாத்தா நம்ம பையன் வேற நோட்டுல வரவு எழுதி வச்சிருக்கான், மானம் போச்சு.

கணக்கு போட்டேன், ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 2 மெகாபிட் கணக்குல ஓடுனா நாளைக்கு 21 ஜிபிக்கு மேல திங்குது, நாலு கேமராவுக்கு 86, அப்ப பழைய 500 ஜிபி டிஸ்க் எத்தன நாள் தாங்கும் சொல்லு. செட்டையே மாத்துங்கன்னாங்க, போங்கய்யான்னுட்டேன். 4 டிபி (4000 ஜிபி) டிஸ்க் வாங்கலாம்னு போனா மருமகன்தான் தடுத்தான், பழைய பெட்டிங்க சிலது 2 டிபிக்கு மேல பாக்காதாம், உன்னோட மாடலுக்கு எவ்வளவுன்னு பாத்துட்டு வாங்கு. கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டுன டிஸ்க்க இதுல மாட்டிராத, இது ராப்பகலா எழுதிக்கிட்டே இருக்கணும், பர்பிள், ஸ்கைஹாக்னு கேமராவுக்குன்னே விக்கிறான்ல அது. நான் 2 டிபி போட்டேன், இப்ப 23 நாள் வருது.

மாட்டுறது ஒண்ணுமில்ல, பிளக்க புடுங்கிட்டு மூடிய தொற, அடியில நாலு ஸ்க்ரூ, டேட்டா போற சாட்டா கேபிள் ஒண்ணு, ஒரு பவர் கேபிள், அப்புறம் மெனுவுல போய் பார்மேட், ஓவர்ரைட் (டிஸ்க் நெறஞ்சா பழசு மேல எழுதுறது) ஆன்ல இருக்கான்னு பாத்துக்க, தேதியும் சரி பண்ணு. வேணுங்கிற வீடியோவ மட்டும் முன்னாடியே பென்டிரைவ்ல எடுத்துரு, பழைய டிஸ்க்க கம்ப்யூட்டர்ல சொருகுனா பார்மேட் பண்ணவான்னுதான் கேக்கும், ஓகே அடிச்சிராத.

ஆனா நான் மாட்டிக்கிட்டது அடாப்டர்லதான் மாப்ள. புது டிஸ்க் போட்டதும் லைட் எரியுது, டிக்குங்குது, அணையுது, திரும்ப எரியுது. டிஸ்க்குதான் போச்சுன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். பழைய 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் நொந்து போய் கெடந்திருக்கு. டிஸ்க் சுத்த ஆரம்பிக்கிற நேரத்துலதான் கரண்ட நெறய இழுக்குமாம், யுபிஎஸ் இருந்ததால பெட்டி வருஷக்கணக்கா அணையவே இல்ல, அதனால வெளிய தெரியல. அதே 12 வோல்ட்ல 3 ஆம்ப் மாத்துனேன், கப்சிப். கடைக்காரன் மொகத்துல முழிக்கத்தான் கஷ்டமா இருக்கு.

ஆடித் தபசு திருவிழாவுக்கு எல்லாரும் வந்துருங்க, அந்தப் பெரியவரையும் காட்டுறேன். இப்பல்லாம் பாக்கிய கட்ட வந்தா ஒவ்வொரு நோட்டையும் கேமராவுக்கு நேரா தூக்கிப் புடிச்சு, தெரியுதான்னு கேட்டுட்டுத்தான் என் கையில தர்றாரு.