எல்க் சீசனுக்கு முன் ரைஃபிளுக்குக் கார்பன் பேரல் மாற்ற நினைப்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் மொன்டானா மாநிலத்தில் எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாடும் ரைஃபிள் சீசன் அக்டோபர் கடைசியில் தொடங்கிவிடும். கோடை வந்தாலே எங்கள் துப்பாக்கிப் பட்டறைக்கு வருபவர்களில் பலர் பேரலைப் பற்றி, அதாவது குண்டு ஓடும் குழலைப் பற்றி, கேட்பது ஒன்றுதான்: "ஸ்டீல் பேரலைக் கழற்றிவிட்டு கார்பன் போட்டுத் தருவீர்களா?" தாராளமாகப் போட்டுத் தருகிறோம். ஆனால் நல்ல ஸ்டீல் பேரலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை ஆகும். எதற்காக அந்தப் பணத்தைக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் குறுக்கே அறுத்த கார்பன் பேரல் துண்டு ஒன்றை வைத்திருக்கிறோம். வரும்போது கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் சுண்டுவிரல் பருமனுக்கு ஸ்டீல் குழாய். அதைச் சுற்றி எபாக்ஸி பிசினில் தோய்த்துச் சுற்றிய கார்பன் இழை, அடுக்கடுக்காகக் கறுப்பாகத் தெரியும். குண்டு ஓடுவது அந்த ஸ்டீலுக்குள்தான். பெரும்பாலும் அது 416 ஆர் என்கிற துருப்பிடிக்காத எஃகு. போட்டிக்குச் சுடுபவர்களின் ஸ்டீல் பேரல்களிலும் அதுவே. ஆகவே கார்பன் சுற்றியதால் மட்டும் குறி கூடிவிடாது. குழலின் உட்புறம், சேம்பர் (தோட்டா அமரும் அறை) வெட்டிய நேர்த்தி, வாய் முனையின் சுத்தம், இவைதான் குறியைத் தீர்மானிக்கும்.

சரி, எடைக்கு வருவோம். 24 அங்குல நீளத்தில் கனத்த ஸ்டீல் பேரல் 2 கிலோவைத் தாண்டும். அதே பருமனில் கார்பன் சுற்றியது ஏறக்குறைய 1.4 கிலோ. மலையேறுபவருக்கு இது பெரிய வித்தியாசம்தான். ஆனால் உங்களில் பலர் இப்போது வைத்திருப்பது மெல்லிய வேட்டை பேரல். அதுவே 1.2 கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு கார்பன் போட்டால் எடை குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யலாம். மெல்லிய பேரலின் எடையில் தடித்த பேரலின் விறைப்பு: கார்பன் தருவது இதைத்தான்.

விறைப்பு ஏன் முக்கியம்? ஒரே உலோகக் கம்பியின் தடிமனை இரட்டித்தால் அதன் விறைப்பு 16 மடங்காகும். அதனால் பருமன் கூடக்கூட பேரல் குறைவாக வளையும், குறைவாக அதிரும். சைலன்சர் மாட்டுபவர்களுக்கு இது நேரடியாகவே பயன்படும். மெல்லிய பேரலின் நுனியில் அந்தக் கனம் தொங்கினால் குறி இடம் மாறும். 5/8 அங்குல மரை வெட்டவும் அங்கே போதிய சதை இருக்காது. பேரலை 20 அங்குலமாகக் குறைத்து சைலன்சர் போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் கார்பனைச் சொல்வோம்.

சூடு விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். கார்பன் பேரல் சீக்கிரம் ஆறிவிடும் என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். இழையின் நீளவாக்கில் சூடு ஓரளவு ஓடும், உண்மைதான். ஆனால் இழைகளைப் பிணைக்கிற பிசின் சூட்டை எளிதில் வெளியே விடாது. உள்ளே இருக்கும் ஸ்டீலும் குறைவு என்பதால் ஒவ்வொரு தோட்டா சுடும்போதும் அது வேகமாகச் சூடேறும். மைதானத்தில் விடாமல் பத்துப் பதினைந்து தோட்டா சுட்டுவிட்டு கறுப்புப் பகுதியைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சேம்பரை ஒட்டிய வெறும் ஸ்டீலிலோ கை வைக்க முடியாது. பேரல் குளிர்ந்திருக்கிறது என்று நம்பித் தொடர்ந்து சுட்டால் சேம்பருக்கு முன்னால் உள்ள தொண்டைப் பகுதி சீக்கிரம் அரித்துவிடும். தொட்டுப் பார்ப்பதென்றால் ஸ்டீல் பகுதியைத் தொடுங்கள். காட்டில் இந்தக் கவலை இல்லை. அங்கே ஒன்றோ இரண்டோ தோட்டாதான் போகும். நாளெல்லாம் மைதானத்தில் சுட்டுப் பழகுபவர் கனத்த ஸ்டீலை வைத்துக்கொள்வதே நல்லது.

சூடேறும்போது ஸ்டீல் நீளும், கார்பன் கிட்டத்தட்ட நீளவே நீளாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்தால் குறி நகரும். இதைச் சமாளிக்கத்தான் தயாரிப்பாளர்கள் இழையைச் சுற்றும் கோணத்தைப் பார்த்துப் பார்த்து அமைக்கிறார்கள். யூட்டாவின் கிறிஸ்டென்சன் ஆர்ம்ஸ், நம் மாநிலத்திலேயே கொலம்பியா ஃபால்ஸில் இருக்கும் ப்ரூஃப் ரிசர்ச் போன்ற இதிலேயே ஊறியவர்கள் இருக்கும்போது, பெயர் தெரியாத மலிவுச் சரக்கை நாங்கள் மாட்டித் தருவதில்லை.

அப்புறம், துப்பாக்கி இலகுவானால் உதைப்பு கூடும். 300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற வலுவான தோட்டாவில் தோள் அதை நன்றாகவே உணரும். முன்பக்கம் இலகுவாக இருந்தால் மூச்சிரைக்கும்போது நுனி அலைபாயும்; படுத்தோ முட்டுக் கொடுத்தோ சுடப் பழகிக்கொள்ளுங்கள். கார்பன் பேரலைப் பிறகு கடைந்து மெலிக்க முடியாது; பருமனையும் நீளத்தையும் வாங்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். அடுப்பில் சுட்டு இறுக்கும் பூச்சு எதையும் அதன்மேல் அடிக்க வேண்டாம், பிசின் கெட்டுவிடும். பாறையில் இடித்துக் கார்பன் சிதறியிருந்தால் சுடாமல் எங்களிடம் காட்டுங்கள்.

ஜீப் தடத்திலிருந்து அதிகம் விலகாமல், 200 மீட்டருக்குள் சுடுபவராக இருந்தால் இப்போதிருக்கும் பேரலே போதும். மிச்சமாகும் பணத்தில் தோட்டா வாங்கிப் பழகுங்கள். வேட்டையில் அதுதான் அதிகம் கைகொடுக்கும். மலை முகட்டில் நாள் முழுக்க நடந்து, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் சுட வேண்டியவர்களுக்குக் கார்பன் கொடுத்த காசுக்குத் தகும்.

மாற்றுவதென்றால் ஆகஸ்டுக்குள் கொண்டு வாருங்கள். புது பேரலில் முதல் நூறு தோட்டா வாக்கில் குண்டின் வேகம் சற்று ஏறி, பிறகுதான் நிலைப்படும். அதன் பிறகு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மறுபடி சரிபார்க்க வேண்டும். வரும்போது தோட்டா நீக்கி, போல்ட்டை (தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிப் பூட்டும் பாகத்தை) கழற்றிய ரைஃபிள், நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டாவில் ஒரு பெட்டி, சைலன்சர் இருந்தால் அது, எல்லாம் கையோடு இருக்கட்டும். தடித்த பேரலுக்குத் துப்பாக்கிக் கட்டையில் பேரல் பதியும் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டியிருக்கும், அதற்கான கூலியை முன்னதாகவே சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து