ரிம்மை ஏற்றுக்கொண்டீர்கள், ரயரை ஏன் மறுத்தீர்கள்?

துணுக்காய்,
12.02.2026

முகாமையாளர்,
வாடிக்கையாளர் முறைப்பாட்டுப் பிரிவு,
மோட்டார் வாகனக் காப்புறுதி,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: வீதிக் கிடங்கில் விழுந்து சேதமான இரண்டு ரயர்களுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டமை

என்னுடைய ரொயோட்டா கொரோலா 121 காருக்கு உங்கள் நிறுவனத்தில் முழுக் காப்புறுதி செய்திருக்கிறேன். தவணைக் கட்டணம் ஒருமுறையும் பிந்தியதில்லை. கடந்த ஜனவரியில் அக்கராயன் பக்கத்தால் கிளிநொச்சிக்குப் போகும்போது கார் கிடங்கொன்றில் விழுந்தது. முன் இடது ரயர் வெடித்தது. அந்தச் சில்லின் ரிம் வளைந்தது, சில்லைத் தாங்குகிற லோவர் ஆம் நெளிந்தது. அதே பக்கத்துப் பின் ரயரும் பக்கவாட்டில் வீங்கிவிட்டது. நீங்கள் ரிம்முக்கும் லோவர் ஆமுக்கும் சில்லுகளை நேராக்குகிற எலைன்மென்டுக்கும் பணம் தந்தீர்கள். ரயர்களுக்கு ஒரு சதமும் இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது. அதில் சொல்லப்பட்ட காரணம் ஒரே வரி: ‘வழமையான தேய்மானம்’.

ரிம்முக்கும் கிடங்கின் விளிம்புக்கும் நடுவில் இருந்தது ரயர்தான். இரும்பு ரிம்மையே வளைக்கிற அடி, அந்த ரயரைத் தாண்டித்தான் ரிம்முக்குப் போயிருக்க வேண்டும். அடி ரிம்மில் பட்டது உண்மை, ஆனால் ரயர் தானாகத் தேய்ந்து வெடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கமக்காரன், எனக்குத் தெரிந்த மாதிரிச் சொல்கிறேன்: சாக்குக்குள் இருந்த நெல் நனைந்துபோயிற்று, சாக்கு மட்டும் நனையவில்லை என்கிற கதை இது.

நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். விபரமெல்லாம் முறைப்பாட்டுப் படிவத்தில் இருக்கிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளிநொச்சி வைத்தியசாலையில் அன்று கிளினிக். இரத்தம் சோதிக்க வேண்டும் என்பதால் வெறும் வயிற்றோடு விடியவே வெளிக்கிட்டோம். பக்கத்து வீட்டு ஆச்சியும் கூட வந்தா. எதிரே கிரவல் ஏற்றிய டிப்பர் ஒன்று நடு வீதியால் வந்தது. இந்த உள்வீதிகளில் தார் ஒரு வாகனத்துக்குத்தான் காணும். எதிரே பெரிய வாகனம் வந்தால் சின்ன வாகனம்தான் இடம் விட்டுக் கரைக்கு இறங்க வேண்டும். நானும் வேகத்தைக் குறைத்து இடது பக்கம் எடுத்தேன். தார் விளிம்போடு ஒரு கிடங்கு. முதல் நாள் பெய்த மழைத் தண்ணீர் அதில் விளிம்பு மட்டத்துக்கு நின்றது. தண்ணீர் நிற்கிற கிடங்கின் ஆழம் சில்லு இறங்கின பிறகுதான் தெரியும். முன் சில்லு விழுந்து ஏறியது, பின்னால் வந்த சில்லும் அதே கிடங்கில் விழுந்து ஏறியது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு வந்த வெள்ளம் இந்தப் பக்கத்து வீதிகளை என்ன பாடு படுத்தியது என்பது கொழும்பிலும் செய்தியில் வந்திருக்கும். வெடித்த தாருக்குள் தண்ணீர் இறங்கும். கீழே இருக்கிற கிரவல் ஊறி இளகும். அதற்கு மேலால் பாரம் ஏற்றிய டிப்பர் போனால் தார் துண்டு துண்டாகக் கிளம்பும். நேற்று இல்லாத கிடங்கு இன்றைக்கு இருக்கும். அதனால் ‘தெரிந்த வீதிதானே, பார்த்து ஓட்டியிருக்கலாமே’ என்று உங்கள் அலுவலர் தொலைபேசியில் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி ரயர் விடயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் மதிப்பீட்டாளர் ரயர்களைப் பார்த்த நேரம் மிகக் குறைவு. காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார், கைத்தொலைபேசியில் படம் எடுத்தார், ‘பழைய ரயர்’ என்றார். ரயரைக் கழற்றி உட்புறம் பார்க்கவில்லை. வீதியில் படுகிற பக்கத்தில் பள்ளம் பள்ளமாக இருக்கிற பூவின் ஆழத்தை அளக்கவும் இல்லை.

நான் அளப்பித்தேன். கிளிநொச்சியில் ரயர் மாற்றிய கடையில் அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு ரயரிலும் பூ 5.2 மில்லிமீற்றர் இருந்தது. ரயரின் பள்ளங்களுக்குள்ளே தேய்மானத்தைக் காட்டுவதற்கென்று சின்ன மேடு வைத்திருப்பார்கள், அதன் உயரம் 1.6 மில்லிமீற்றர். பூ அந்த மேட்டுக்கு இறங்கினால்தான் ரயர் முடிந்தது என்று அர்த்தம். என்னுடையது அதற்குக் கிட்டவும் வரவில்லை. ‘பழையது’ என்பதற்கும் பதில் ரயரிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் தயாரித்த காலம் நான்கு இலக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். என் ரயர்களில் 2223 என்று இருக்கிறது. அதாவது 2023ஆம் ஆண்டின் 22ஆவது கிழமை. மூன்று வருடம்கூட ஆகவில்லை.

தேய்ந்து போகிற ரயர் எப்படிப் போகும் என்பது எந்த ரயர் கடைப் பொடியனுக்கும் தெரியும். பூ மொட்டையாகும், நடுவிலோ ஓரத்திலோ நூல் தெரியும், அடிக்கடி பஞ்சராகும். என்னுடைய முன் ரயரில் பூ நன்றாக இருக்கிறது. பக்கவாட்டில் இரண்டு வெட்டு, ஒன்றுக்குக் கிட்ட ஒன்று. ஒன்று ரிம்மின் விளிம்பு நசித்த இடம், மற்றது கிடங்கின் விளிம்பு நசித்த இடம். இரண்டுக்கும் இடையில் ரயர் அகப்பட்டு நசிந்தால்தான் அப்படி வெட்டும். வளைந்த ரிம்மை அந்த வெட்டுக்கு நேரே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் பொருந்துகிறது. அப்படி வைத்து எடுத்த படமும் இணைத்திருக்கிறேன்.

பின் ரயர் வெடிக்கவில்லை. அதனால்தான் அது வேறு சேதம், விபத்தோடு சம்பந்தமில்லை என்று சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன், கடிதத்தில் அது பற்றி ஒன்றும் இல்லை. ரயரின் பக்கச் சுவருக்குள்ளே இருக்கிற நூல் அடியில் அறுந்தால், உள்ளே இருக்கிற காற்று அந்த இடத்தில் றப்பரை வெளியே தள்ளும், முட்டை அளவு வீக்கம் வரும். வீங்கிய ரயரை ஒட்ட முடியாது. கடைக்காரரைக் கேட்டேன், கையே வைக்க மாட்டேன் என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த நேரமும் வெடிக்கலாம். ஒரே பக்கம், ஒரே கிடங்கு, அன்றே கடையில் கண்டுபிடித்த வீக்கம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

உங்கள் காப்புறுதிப் பத்திரத்தையும் வாசித்துப் பார்த்தேன். அது முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால் மகள்தான் வாசித்துச் சொன்னாள். (தவணைக் கட்டணம் கட்டச் சொல்லி வருகிற குறுஞ்செய்தி மட்டும் நல்ல தமிழில் வருகிறது.) விலக்குகள் என்ற பகுதியில், அதே நேரத்தில் வாகனத்தின் வேறு பாகமும் சேதமடைந்தால் ஒழிய ரயர்ச் சேதம் காப்புறுதிக்குள் வராது என்று இருக்கிறது. வேறு பாகம் சேதமடைந்தது என்பதற்கு நான் சாட்சி தேட வேண்டியதில்லை. ரிம்முக்கும் லோவர் ஆமுக்கும் நீங்கள் தந்த காசோலையே சாட்சி.

கடிதத்தில் இல்லாத இன்னும் இரண்டு காரணங்களைத் தொலைபேசியில் சொன்னார்கள். எழுத்தில் தராத காரணத்துக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லைத்தான். ஆனாலும் சொல்கிறேன்.

ஒன்று, மதிப்பீட்டாளர் வரும்வரை வாகனத்தை அந்த இடத்திலேயே வைத்திருக்கவில்லையாம். கார் நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் காடு. கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்க ஒரு கட்டை தூரம் நடக்க வேண்டியிருந்தது. உங்கள் அழைப்பு நிலையத்தில் தமிழில் கதைக்கக்கூடிய ஒருவரிடம் போய்ச் சேரவே கனநேரம் எடுத்தது. கடைசியில் கதைத்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார், அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மதிப்பீட்டாளர் வவுனியாவில் வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறார், அவர் வந்துசேர மத்தியானம் ஆகும், அதுவரை வாகனத்தை அசைக்க வேண்டாம் என்றார். சீனி வருத்தக்காரி, வெறும் வயிறு. ஆச்சிக்கு நடக்கவே ஏலாது. யானை இறங்குகிற காட்டுக் கரையில் இரண்டு வயசானவர்களை மத்தியானம் மட்டும் இருத்தி வைக்கச் சொல்கிறீர்களா? கிடங்கையும், அதற்குள் கிடந்த தண்ணீரையும், வெடித்த ரயரையும், வளைந்த ரிம்மையும் படம் எடுத்தேன். இடமும் நேரமும் படத்திலேயே பதிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஜக் வைத்து ஸ்பெயர் சில்லைப் பூட்டினேன். இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் காரை எடுத்தேன். உங்கள் அழைப்புப் பதிவைக் கேட்டால் தெரியும்.

அந்த ஆச்சியைப் பற்றி மதிப்பீட்டாளர் கேட்ட கேள்வியையும் இதில் எழுதியே ஆக வேண்டும். ‘ஆளுக்கு எவ்வளவு எடுக்கிறனீங்கள்?’ என்று கேட்டார். நான் கயருக்கு ஓடுகிறேனாம். எங்கள் ஒழுங்கையில் கார் இருக்கிற வீடு ஒன்றிரண்டுதான். கிளினிக்குக்குப் போகிற நாளில் பக்கத்து வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போவது இந்த ஊரில் வழக்கம். அதற்கு யாரும் காசு கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. ஆச்சி பனங்கிழங்கு கொண்டுவந்து தந்தா, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி அம்மாவுக்கு முன்னால் கேட்கப்பட்டது. இழப்பீடு தருவதும் தராததும் வேறு, இந்தக் கேள்விக்காக உங்கள் நிறுவனம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

மற்றக் காரணம், ஏ9 வீதியால் போயிருக்கலாமாம். ஏ9 நல்ல வீதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது எங்கள் படலையடியால் போவதில்லை. எந்தப் பக்கத்தால் அதைப் பிடிப்பதென்றாலும் முதலில் உள்வீதியில்தான் ஓட வேண்டும். என்னுடைய விலாசம் காப்புறுதிப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் முகவர் இதே உள்வீதிகளால் மோட்டார் சைக்கிளில் வந்துதான், எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ‘அண்ணை, எங்கட வீதிக்கு புல் இன்சூரன்ஸ்தான் சரி’ என்று அவர்தான் சொன்னார். கட்டணம் வாங்கும்போது காரணமாக இருந்த வீதி, இழப்பீடு கேட்கும்போது என்னுடைய குற்றமாக மாறிவிட்டது.

நான் கேட்பது புது ரயரின் முழு விலையை அல்ல. 185/70 ஆர் 14 அளவில் இரண்டு ரயருக்கு, ஒன்று 29,500 ரூபா வீதம், 59,000 ரூபா கொடுத்தேன். பற்றுச்சீட்டு இணைத்திருக்கிறேன். அதே கடையில் அதே வகைப் புது ரயரை அளந்தபோது பூ 7.6 மில்லிமீற்றர் இருந்தது. 1.6க்குக் கீழே பாவிக்கக்கூடாது என்று எடுத்தால், புது ரயரில் பாவிக்கக்கூடியது 6 மில்லிமீற்றர். என்னுடையதில் 3.6 மீதம் இருந்தது. அப்படிப் பார்த்தால் நூற்றுக்கு 60 வீதம். தேய்ந்த 40 வீதத்தை நான் அனுபவித்துவிட்டேன், அதைக் கேட்கவில்லை. மீதிக்கு 35,400 ரூபா வருகிறது. அதைத் தாருங்கள். இந்தக் கணக்குப் பிழை என்றால் உங்கள் கணக்கை எழுத்தில் காட்டுங்கள்.

மறுப்பதாக இருந்தால், பத்திரத்தின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, இதுதான் நிறுவனத்தின் இறுதி முடிவு என்று தமிழில் எழுதித் தாருங்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியும் வேண்டும். காப்புறுதி குறைகேள் அதிகாரியிடம் போவதென்றால் நிறுவனத்தின் இறுதிப் பதில் கையில் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உங்களை ஒழுங்குபடுத்துகிற ஆணைக்குழுவுக்கும் இந்தக் கடிதத்தின் பிரதியை ஆயத்தமாக வைத்திருக்கிறேன். மார்ச் 15க்கு முன் பதில் வந்தால் அதை அனுப்ப வேண்டிய தேவை இராது. தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டாம்.

பழைய ரயர்கள் இரண்டையும் எறியவில்லை. ஒவ்வொன்றிலும் திகதி எழுதி வீட்டில் வைத்திருக்கிறேன். திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், ஆனால் முதல் நாளே அறிவியுங்கள். இது வயல் வேலை நேரம், நான் பின்னேரத்தில்தான் வீட்டில் நிற்பேன். அளவுகோலும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
காப்புறுதிதாரர்

இணைப்பு: மறுப்புக் கடிதத்தின் பிரதி, சம்பவ இடத்துப் படங்கள், ரயர் கடைப் பற்றுச்சீட்டும் அளவுக் குறிப்பும், கராஜ் பற்றுச்சீட்டு, கிளினிக் கொப்பியில் அன்றைய திகதி உள்ள பக்கம்.