அந்தப் படத்தில் இருப்பது எங்கள் கூத்து இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்தை, அதாவது மகாபாரதக் கதையை ஆடுகிற எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. எழுதியவர் ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கூத்துப் பார்த்தவர் என்பது படிக்கும்போதே தெரிந்தது. ஆனால் கட்டுரைக்கு மேலே அரைப் பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம் போட்டிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். துரியோதனன் என்று போட்டிருக்கிறது. முகவாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு, தலைக்குப் பின்னால் பெரிய வட்டத் தட்டு, அது அப்படியே கதகளி. பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் ஷெனாய் மாதிரி ஏதோ ஒன்று, எங்கள் கூத்தில் ஊதுகிற முகவீணையைக் காணோம். பந்தலில் கட்டியிருக்கிற பேனரில் உள்ள எழுத்து தூரத்தில் இருந்து பார்த்தால் தமிழ், கிட்டே போனால் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. வரைந்தவர் பெயரும் கீழே இல்லை. ஏஐ போட்ட படம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குடியாத்தத்தில் பேனர், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன், காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி இறக்கும் வரைக்கும் இந்த மாதிரிப் படங்களோடுதான் பிழைப்பு.

கூத்து நோட்டீஸ் அடிக்க வந்த ஒரு வேஷக்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இன்னாண்ணே இது, கேரளாக்காரன் வேஷத்தப் போட்டு துரியோதனன்னு எழுதி வெச்சிகிறாங்க?" என்றார். அப்புறம், "எங்களக் கேட்டிருந்தா கட்ட கட்டினு வந்து நின்னிருப்போமே" என்றார். கட்டை என்றால் வேஷத்துக்குக் கட்டுகிற மரச் சாமான்கள். எனக்குச் சொல்லப் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

நான் ஏஐக்கு எதிரி இல்லை. செத்துப்போன தாத்தாவின் கிழிந்த போட்டோவைக் கொண்டுவந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்பவருக்கு, முன்னே அரை நாள் உட்கார்ந்து சரிபண்ணியதை இப்போது ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுக்கிறேன். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் இல்லாத ஒன்றை இருக்கிற மாதிரி வரைந்து, எங்கள் கூத்தின் பெயரையும் அதன் மேல் எழுதி, ஊர் முழுக்க விற்கிற பத்திரிகையில் போடுவது வேறு விஷயம்.

இந்தப் படக் கருவிகள் எப்படிப் பழகுகின்றன என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. இணையத்தில் கிடக்கிற படத்தையும் அதோடு சேர்த்து எழுதியிருக்கிற வரியையும் ஜோடி ஜோடியாக அள்ளிக் கொட்டிப் பழக்குகிறார்கள். 2022இல் வெளியான லயான் 5பி என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடி ஜோடிகள் இருந்தன, அதில் 230 கோடிக்கு மேல் ஆங்கில வரிகள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படக் கருவி இந்தத் தொகுப்பின் ஒரு பகுதியை வைத்துப் பழகியதுதான். கதகளிக்கும் கர்நாடகத்து யட்சகானத்துக்கும் சுற்றுலாத் துறையில் இருந்து வெளிநாட்டுப் பயணி வரை எல்லாரும் நல்ல கேமராவில் படம் எடுத்து ஆங்கிலத்தில் விவரம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நம்ம கூத்து நடப்பதோ ராத்திரி பத்து மணிக்கு மேல், டியூப்லைட் வெளிச்சத்தில், எடுத்தவர் போனில் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு சரி. அதனால் மெஷினுக்கு நம்ம கூத்து அவ்வளவாகத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பழக்கமும் அதற்கு இல்லை, பக்கத்தில் எது அதிகமாகக் கிடைக்கிறதோ அதை எடுத்து ஒட்டிவிடுகிறது.

இனிமேல்தான் எனக்குப் பயமே. நீங்கள் போட்ட அந்தப் படமும் இப்போது உங்கள் இணையப் பக்கத்தில் தெருக்கூத்து என்ற பெயரோடு இருக்கிறது. அடுத்த தடவை அள்ளும்போது அதையும் சேர்த்து அள்ளுவார்கள். கொஞ்ச வருஷத்தில் தெருக்கூத்து என்று தேடுகிற பிள்ளைக்கு முதலில் வந்து நிற்பது அந்த வெள்ளை முகவாய்க் கட்டாகத்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்துக் கூத்து என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், சென்னையில் உட்கார்ந்து பக்கம் வடிவமைக்கிறவர்களுக்கு உதவும். பழைய வட ஆற்காடு 1989இல் இரண்டு மாவட்டமானது, 2019இல் வேலூரே மூன்றாகப் பிரிந்தது, ஆனால் ஜமா என்கிற கூத்துக் குழுக்களுக்கு அந்த எல்லை எதுவும் கிடையாது. செய்யாறு பக்கம் புரிசையில் கூத்தாடுகிற தம்பிரான் பரம்பரை இருக்கிறது, உலகத்துக்கே தெரிந்த பெயர். மற்றபடி அணைக்கட்டு, ஆற்காடு, போளூர் என்று பெயர் வெளியே தெரியாத ஜமாக்கள்தான் அதிகம். வேஷக்காரர் சாயங்காலமே முகவெழுத்துக்கு, அதாவது முகத்தில் வண்ணம் எழுத, உட்கார்ந்துவிடுவார். எடை குறைந்த மரத்தில் குடைந்து கண்ணாடித் துண்டும் ஜிகினாத்தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் இதெல்லாம் சேர்ந்தால்தான் கட்டை வேஷம், அதைக் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆட வேண்டும். ரெண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னால் இருந்தே பாடி, பாதி முகம் காட்டி, இழுத்து இழுத்துத்தான் துரியோதனன் வெளியே வருவான்.

அப்புறம் கட்டியங்காரன், கூத்தை நடத்திக்கொண்டே ஊரைச் சிரிக்க வைக்கிறவன். அவனுக்குப் பாடம் பாதிதான், மீதியை அங்கே நின்றுதான் செய்ய வேண்டும். முன் வரிசையில் தூங்குகிறவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு அஸ்தினாபுரத்து அரண்மனையில் அவரை இழுத்து விடுவான், ஊரில் குழாய்த் தண்ணீர் வராததைத் துரியோதனனிடமே முறையிடுவான், ஊராட்சித் தலைவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், சிரித்துத்தான் ஆக வேண்டும். இதை எந்த மெஷினிடம் கேட்டு வாங்குவது? நானும் ஆசைக்கு சாட்ஜிபிடியிடம் கட்டியங்காரன் வசனம் கேட்டுப் பார்த்தேன். மழை பெய்ய வேண்டும், மரம் நட வேண்டும் என்று பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி எழுதிக் கொடுத்தது. திட்டத் தெரியாத கட்டியங்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

கடைசி நாள் படுகளம். மைதானத்தில் மண்ணைக் குழைத்து ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்குத் துரியோதனனைப் படுக்க வைத்து, வண்ணம் பூசி, மீசை வரைந்து விடுவார்கள், அந்தத் தொடையை அடித்துப் பிளந்த பிறகுதான் திரௌபதி கூந்தல் முடிப்பாள், அதற்கப்புறம் தீமிதி. அந்த மண் துரியோதனனைச் செய்கிறவர் பெயரை எந்த நோட்டீஸிலும் நான் அச்சடித்தது இல்லை, யாரும் போடச் சொல்லிக் கேட்டதும் இல்லை. மூக்கு எடுப்பாக வந்தால் ஊரே பேசும், அவ்வளவுதான் அவருக்கு.

விஷயமே இதில்தான் இருக்கிறது. பெயர் இருக்கிறவர்கள் சண்டையாவது போட முடிகிறது. ஏ.ஆர்.ரஹ்மான் 2024இல் லால் சலாம் படத்துக்காக மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து ஏஐ விஷயத்தில் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள், அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. பெயர் இருந்தும் நடக்காத கதையும் உண்டு. தனுஷ் நடித்த அம்பிகாபதி படத்தின் முடிவையே 2025 ஆகஸ்டில் ஏஐ வைத்து மாற்றி மறுபடி வெளியிட்டார்கள், இயக்குநரும் தனுஷும் எதிர்த்தும் படம் தியேட்டருக்கு வந்துதான் விட்டது. தனுஷ் சொல்லியே நிற்கவில்லை என்றால் அணைக்கட்டு வேஷக்காரர் சொல்லி என்ன நிற்கும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கு உரிமை இருக்கிறது, நடிகர், பாடகர் என்று போகிற அந்தப் பட்டியலில் பாம்பாட்டிகூட உண்டு. (பாம்பாட்டிக்கு இருக்கிற உரிமை என்னவென்று அவருக்கு யாராவது சொன்னார்களா என்பது தனிக்கதை.) ஆனால் ஒரு முகவெழுத்து பாணி, ஒரு ஜமாவின் அடவு, ஊர் ஊராக வழங்குகிற பாட்டு, இதெல்லாம் யாருடைய சொத்து என்று கேட்டால் சட்டத்தில் பிடி கிடைப்பதில்லை. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏஐ கம்பெனிகள் படைப்புகளை எடுத்துப் பழக்கிக் கொள்ளலாம், அதற்குப் பதிலாக ராயல்டி கட்ட வேண்டும், அது ஒரு பொது அமைப்பு வழியாகப் படைப்பாளிகளுக்குப் போய்ச் சேரும் என்பது அதில் உள்ள யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது. சினிமாப் பாட்டுக்காரருக்கும் பதிப்பாளருக்கும் போய்ச் சேரலாம். மண் துரியோதனன் செய்கிறவருக்கு எந்தக் கணக்கில் வரும்? நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் என்று தமிழ்நாட்டில் ஒன்று இருக்கிறதே, ஜமாக்கள் சார்பில் அந்த வாரியமாவது போய் இப்போதே பங்கு கேட்டுப் பதிய வேண்டும். உங்கள் பத்திரிகை இதை ஒரு தலையங்கமாக எழுதினால் அதிகாரிகள் படிப்பார்கள், என் கடிதத்தை யார் படிக்கப் போகிறார்கள்.

கேமரா வந்தபோதும் இப்படித்தான் புலம்பினார்கள் என்று சிலர் சொல்வது எனக்கும் தெரியும், என் கடையிலேயே சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேமரா எந்த ஓவியரின் படத்தையும் தின்று வளரவில்லை. ஃப்ளெக்ஸ் வந்தது, பிரஷ் பிடித்துச் சுவரில் எழுதிக்கொண்டிருந்த ஆர்ட்டிஸ்ட்டுகளின் கூலி போனது, அது நான் கண்ணால் பார்த்தது, அந்தக் கூலியில் ஒரு பங்கு என் கடைக்கு வந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் ஃப்ளெக்ஸில் எதைப் போடுவது என்று அப்போதும் ஒரு ஆள்தான் யோசித்தான். எங்கள் ஊர்க் கங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வைகாசியில் ஊர் முழுக்கப் பேனர் நிற்கும், முன்னெல்லாம் அம்மன் முகத்துக்கு யாராவது ஒரு ஓவியரின் கைப்படமோ கோவிலில் எடுத்த போட்டோவோதான். இப்போது விழாக் குழுப் பையன்கள் போனிலேயே அம்மனைச் செய்து கொண்டுவந்து பிரிண்ட் மட்டும் கேட்கிறார்கள். எல்லா அம்மனுக்கும் ஒரே மூக்கு, ஒரே சினிமா வெளிச்சம், கண்ணில் உக்கிரமே இல்லை, ஃபேர்னஸ் கிரீம் விளம்பரத்துக்கு வந்த பெண் மாதிரி இருக்கிறாள். குழந்தைகள் பயப்படாத கங்கையம்மனை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, எடுக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கக்கூடியவர்களும் இலவசத்துக்குப் போனால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மனிதனின் கற்பனையை மெஷின் அழித்துவிடும் என்று பெரிய பெரிய ஆட்கள் மேடையில் பேசுவதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. கட்டியங்காரன் மனதில் ஊறுவதை எந்த மெஷினும் வந்து நிறுத்தாது. அவனைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்க ஆள் இல்லாமல் போனால் அவன் காலையில் தோல் தொழிற்சாலை வேனில் ஏறிப் போய்விடுவான். போனவர்களும் இருக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. ஏஐ போட்ட படம் என்றால் அதற்குக் கீழே அப்படியே எழுதுங்கள், புகைப்படக்காரர் பெயர் போடுகிற இடத்தில் போட்டால் போதும். இணையத்தில் இருக்கிற அந்தத் துரியோதனனை எடுத்துவிடுங்கள், அல்லது தெருக்கூத்து என்ற பெயரையாவது அதிலிருந்து நீக்குங்கள். ஊர்க் கலையைப் பற்றிய கட்டுரை என்றால் படமும் ஊரில் இருந்து வரட்டும், உங்கள் வேலூர் நிருபருக்கு ஒரு போன் செய்தால் நடந்துவிடும். பங்குனியில் இருந்து ஆடி வரைக்கும் இந்தப் பக்கம் எங்காவது ஒரு ஊரில் பாரதம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வரைகிற ஆள் வேண்டும் என்றால் அதற்கும் இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், பிரஷைக் காய விடாமல் வைத்திருக்கிறார்கள். ரேட் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், வெளியான பிறகு பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குடியாத்தம்.