செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக்குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஓகஸ்ட் முதல் 2025 ஜூலை வரையான காலத்துக்குரிய அறிக்கையை இந்தச் சபையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் நான் கைவைக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. தென்மேற்கு லண்டனில் ரூட்டிங், மிச்சம், கொலியர்ஸ் வூட், மோர்டன் பக்கங்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கழகத்தின் பின்னால் நிற்பவர்கள் சேர்ந்து நடத்துவது இந்தச் சங்கம். வீட்டில் ஆர்சனல் சட்டையோடு மகனும் லிவர்பூல் சட்டையோடு மருமகனும் இருந்தால் அதற்காக யாரையும் நீக்கமாட்டோம். 1988 மே மாதம் பழைய விம்பிள்டன் கழகம் லிவர்பூலை 1–0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணத்தை எடுத்த இறுதியாட்டத்தை, லண்டனுக்கு வந்த புதிதில் பகிர்ந்த அறைகளில் இருந்து சின்னத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சிலர் இன்றும் முன்வரிசையில் இருக்கிறார்கள். லோரி சான்செஸ் தலையால் முட்டிய கோலையும், டேவ் பீசன்ட் தடுத்த தண்ட உதையையும் பற்றி அவர்களிடம் கேட்காமல் இருப்பது நல்லது. கேட்டால் கூட்டம் முடியாது.

பருவகாலத்தைப் பற்றிச் சொல்ல இந்த முறை சந்தோஷமாக இருக்கிறது. நான்காம் நிலையான லீக் டூவில் ஐந்தாம் இடம். மேலே ஏறும் அணியைத் தீர்மானிக்கும் பிளேஓஃப் அரையிறுதியில் நொட்ஸ் கவுண்டியை அவர்களது திடலில் 1–0, நமது திடலில் 1–0. மே 26 அன்று வெம்பிளியில் வால்சால் அணியோடு இறுதியாட்டம். பருவகாலத்தின் நடுவில் எல்லோரையும் வெகுதூரம் பின்னால் விட்டு முன்னணியில் நின்ற அணி அது. முதற்பாதியின் மேலதிக நேரத்தில் மைல்ஸ் ஹிப்போலைட் அடித்த ஒரே கோல் போதுமாக இருந்தது. இரண்டாம் பாதி முழுவதும் நம் வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிறிஸ்டல் பலஸ் கழகத்திலிருந்து கடனாக வந்த இளம் கோல்காப்பாளர் ஓவன் குட்மனுக்குத் தனி நன்றி. நமது பழைய கழகம் 1991 முதல் 2003 வரை பலஸ் கழகத்தின் மைதானத்தில் ஒண்டியிருந்ததே, அதன் கணக்கு ஒருவழியாக நேராகிவிட்டது என்று தலைவர் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் இந்த ஆண்டை வெம்பிளியை வைத்து மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். செப்டெம்பர் 22 இரவு பெய்த மழையில் வாண்டில் ஆறு பெருகி நமது ப்ளவ் லேன் மைதானத்துக்குள் புகுந்தது. ஆடுதிடலின் ஒரு பகுதி உள்வாங்கிப் பெருங்குழியானது. புல்லும் மண்ணும் சுருட்டிய பாய்போல மடிந்து குழிக்குள் கிடந்த படத்தை எல்லோரும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளில் நியூகாசில் யுனைட்டட் லீக் கிண்ண ஆட்டத்துக்கு நம் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவ்வளவு பெரிய அணி நம் திடலுக்கு வருவது அடிக்கடி நடக்கிற காரியமா? ஆட்டம் அக்டோபர் 1 அன்று அவர்களது ஊருக்கு மாற்றப்பட்டது. ஒரு தண்ட உதையால் 1–0 என்று தோற்றோம். தோல்வியைவிட உள்ளூர் ஆட்டம் கைநழுவியதுதான் நம்மவர்களுக்குப் பெரிய கவலை. திடலைத் திருத்தும் செலவுக்கு ரசிகர்கள் நிதி திரட்டினார்கள். நியூகாசில் ரசிகர்களும் காசு போட்டார்கள். நமது சங்கத்தின் பங்கு கணக்கறிக்கையில் இருக்கிறது. சிறியதுதான், ஆனால் கேட்டவுடன் வந்தது.

அந்த வெள்ளம்தான் இந்த ஆண்டு முழுவதும் நம் கூட்டங்களில் ஓடிய விவாதத்துக்கு அடிப்படை. ரசிகர்களுக்குச் சொந்தமான கழகம் ஒரு மழைக்கு உண்டியல் ஏந்த வேண்டியிருக்கிறதே, இது சரிதானா? இந்தக் கேள்வி தைப்பொங்கல் ஒன்றுகூடலில் வெடித்தது. நிகழ்ச்சி நிரலில் பொங்கலும் பிள்ளைகளின் பாட்டும் மட்டுமே இருந்தன. தேத்தண்ணியும் றோல்ஸும் எடுக்கப் போன வரிசையில் தொடங்கிய பேச்சு மண்டபத்தின் நேரம் முடியும்வரை நிற்கவில்லை. அதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். ஏனென்றால் இன்று வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானங்கள் அங்கிருந்து பிறந்தவை.

முதலில் அடிப்படை விளக்கம். நம் கழகத்தின் பெரும்பான்மைப் பங்கு டொன்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பின் கையில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பவுண்ட் போட்டவருக்கும் அங்கத்துவப் பணம் மட்டும் கட்டியவருக்கும் அதே ஒரு வாக்குத்தான். டிரஸ்ட் சபையை அங்கத்தவர்கள் தேர்தல் வைத்துத் தெரிவு செய்கிறார்கள். பலர் தெரியாமல் இருந்த ஒன்று: பருவகால டிக்கெட் வாங்கினால் டிரஸ்ட் அங்கத்தவர் ஆகிவிட முடியாது. அது வேறு, இது வேறு.

கணக்கியல் துறையில் வேலை செய்யும் நமது இளம் அங்கத்தவர் ஒருவர் பேச்சைத் தொடக்கினார். அவருடைய வாதம் சுருக்கமானது: டிரஸ்ட் நல்ல மனிதர்களால் ஆனது, ஆனால் காசில்லை. றெக்சம் கழகத்தைப் பாருங்கள். 2011 முதல் அதுவும் ரசிகர் டிரஸ்ட்டின் கையில்தான் இருந்தது. 2020 நவம்பரில் இரண்டு நடிகர்களுக்கு விற்கலாமா என்று வாக்கெடுத்தபோது 98 வீதத்துக்கும் மேலானோர் சம்மதித்தார்கள். இப்போது தொடர்ந்து மூன்று பருவகாலங்களில் மூன்று படி ஏறி விட்டார்கள். நாமோ 2016இல் மூன்றாம் நிலையான லீக் வன்னுக்கு ஏறி, 2022இல் இறங்கினோம். அந்தப் பருவகாலத்தில் டிசம்பருக்குப் பிறகு ஒரு லீக் ஆட்டம்கூட வெல்லவில்லை என்பதையும் அவர் மறக்காமல் சொன்னார். (கூட்டம் நடந்தது ஜனவரியில். றெக்சத்தின் மூன்றாவது ஏற்றமும் நம்முடையதும் அப்போது நடக்கவில்லை. தன் வாதத்தைப் பின்னர் புதுப்பித்து எழுதித் தந்தார். அவரது நேர்மைக்காக இதையும் சேர்க்கிறேன்: நமது ஏற்றத்தையும் அவரே எழுதியிருந்தார்.)

அதற்கு மூத்தவர்கள் பக்கத்திலிருந்து வந்த பதில் சற்றுச் சூடானது. பணக்காரர் வந்த கதை நமக்கும் தெரியும் என்றார் ஒரு அண்ணை. 1997இல் பழைய விம்பிள்டன் கழகத்தின் பெரும்பங்கை நோர்வேக் கோடீஸ்வரர்கள் வாங்கினார்கள். ஐந்தாவது ஆண்டில், 2002 மே 28 அன்று, மூவர் கொண்ட ஆணைக்குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கழகத்தை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தது. ஏறக்குறைய 60 மைல் தூரம். விம்பிள்டனிலேயே புதிதாக ஒரு கழகத்தைத் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற கருத்தும் அந்த அறிக்கையில் இருந்தது. அதையும் மீறித்தான் சில நாட்களில் புதிய கழகம் பிறந்தது. ஜூன் இறுதியில் விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரர் தேர்வு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்தார்கள், 230 பேர் வந்தார்கள். ஒன்பது பருவகாலங்களில் ஐந்து படி ஏறி 2011இல் லீக் டூவுக்குள் நுழைந்தது அந்தக் கழகம். காசில்லாமல் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில் என்றார் அவர்.

இந்த இடத்தில் இன்னொருவர் எழுந்து, கழகம் இடம்மாறியதையும் நாங்கள் ஊரைவிட்டு வந்ததையும் ஒன்றாக்கிப் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆண்டுவிழாப் பேச்சாளர்கள் கவனிக்கவும்.

வாதத்தில் இரு பக்கமும் விட்டுவிட்ட ஒன்றைச் செயலாளர் என்ற முறையில் நான் சேர்க்கிறேன். 2019 இறுதியில் ப்ளவ் லேன் மைதானத்தைக் கட்டி முடிக்கப் பணம் போதாமல், வெளி முதலீட்டாளர்களுக்குப் பங்கு கொடுக்கலாமா என்ற நிலை வந்தது. அப்போது ரசிகர்கள் கடன்பத்திரத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். வட்டி எவ்வளவு வேண்டும் என்பதைக் கொடுப்பவரே ஒரு எல்லைக்குள் தீர்மானிக்கலாம், வேண்டாம் என்றும் எழுதலாம். 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதோடு ஒரு பெரிய முதலீட்டாளர் சிறுபான்மைப் பங்கும் எடுத்தார். ஆகவே காசும் டிரஸ்ட்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று இரு தரப்பும் பேசியது அவ்வளவு பொருந்தாது. ஆனால் கடன்பத்திரம் கடன்தான், அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எக்ஸிட்டர் சிட்டி கழகம் 2003 முதல் இன்றுவரை ரசிகர் கையில் இருக்கிறது. போர்ட்ஸ்மத் ரசிகர்கள் 2013இல் வாங்கிய கழகத்தை நான்கு ஆண்டுகளில் அமெரிக்கப் பணக்காரர் ஒருவருக்கு விற்றார்கள், அதுவும் வாக்கெடுத்துத்தான். இவர்களில் யாரையும் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வராது. விற்பதா வேண்டாமா என்ற கேள்வி அவர்கள் முன் வந்தது, கை உயர்த்திப் பதில் சொன்னார்கள்.

பேச்சு இப்படி இழுபட்டுக்கொண்டிருந்தபோதுதான் மிச்சத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பருவகால டிக்கெட் வைத்திருப்பவர்கள் கை உயர்த்துங்கோ. மண்டபத்தில் பாதிக்கு மேல் கைகள். சரி, டிரஸ்ட் அங்கத்தவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கோ, மற்றவர்கள் இறக்குங்கோ என்றார். மளமளவென்று கைகள் இறங்கின. மிக உரத்துப் பேசிய இருவரின் கைகளும் இறங்கியவற்றில் அடக்கம். எந்தத் தரப்பில் எத்தனை என்று எழுதவேண்டாம் எனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.

நமது கோயில் நிர்வாகத் தேர்தல்களில் இதைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறோம். அங்கத்துவம் புதுப்பிக்காதவர்தான் தேர் வடம் பழுது என்று வீதியில் நின்று சத்தம்போடுவார். டிரஸ்ட் மெதுவாக நகர்கிறது, கூட்டங்கள் அதிகம், ஆவணங்கள் நீளம், நம்மைப் போன்ற முகங்கள் சபையில் இல்லை என்று நம்மவர்கள் சொல்லும் குறைகளில் நியாயமானவையும் உண்டு. ரசிகர்கள் சொந்தக்காரராக இருக்கும் இடத்தில் அந்தக் குறைக்கு முகவரியும் நாங்களே. முதலாளி ஒருவர் இருந்தால் அவரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே அந்த வசதி இல்லை. என்னைக் கேட்டால் டிரஸ்ட்டைக் கைவிடக்கூடாது என்பேன், ஆனால் அப்படிச் சொல்லும் உரிமை வாக்கு வைத்திருப்பவருக்கே உண்டு என்றும் சேர்த்துச் சொல்வேன். விற்கவேண்டும் என்று நினைப்பவருக்கும் அதுவே பொருந்தும்.

மற்றச் செயற்பாடுகள் சுருக்கமாக:

உணவுச் சேகரிப்பு வழமைபோல நடந்தது. 2020 முடக்க காலத்தில் விம்பிள்டன் ரசிகர்கள் கடைகளின் வாசலில் மேசை போட்டுத் தொடங்கிய உதவிக்குழுவில் நம்மவர்கள் சிலர் அன்றே சேர்ந்தார்கள். இந்த ஆண்டும் அரிசி, பருப்பு, தகர உணவு என்று கொடுத்தோம். மிளகாய்த்தூள் பொதிகள் தேங்கிவிட்டன என்று செய்தி வந்தது. இனி அவற்றைத் தவிர்க்கவும்.

பிள்ளைகளுக்கான மைதான நாள் வெற்றி. கழகத்தின் சின்னமான ஹேடன் என்ற வோம்பிளோடு (வோம்பிள் சிறுவர் கதையில் வரும் கற்பனை உயிரினம்) படம் எடுக்க நின்ற வரிசையில் பெரியவர்களே அதிகம். அருகிலுள்ள ஹேடன்ஸ் ரோட் ரயில் நிலையத்தின் பெயர்தான் அதற்கு வைக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு ஒரு சிறுவன் வீடு போகும்வரை நிலையத்தின் பெயர்ப்பலகைக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

ஜூலை 21 அன்று உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. இனிமேல் கழகம் மைதானத்தை விற்கவோ வேறிடம் போகவோ சுயாதீன ஒழுங்குபடுத்துனரின் அனுமதி வேண்டும். ரசிகர்களின் கருத்தைக் கேட்கவும் வேண்டும். 2002இல் இப்படி ஒன்று இருந்திருந்தால் நமது மூத்தவர்களுக்கு இரத்த அழுத்தம் இவ்வளவு ஏறியிருக்காது.

இன்றைய சபையின் முன் மூன்று தீர்மானங்கள்.

ஒன்று, பருவகால டிக்கெட் வைத்திருக்கும் நம் அங்கத்தவர்கள் அனைவரையும் டிரஸ்ட் அங்கத்தவர்களாகச் சேரும்படி சங்கம் கேட்டுக்கொள்வது. கட்டாயம் இல்லை. கட்டணம் சிரமமாக இருந்தால் பொருளாளரிடம் தனியே சொல்லலாம், யாருக்கும் தெரியவராது.

இரண்டு, டிரஸ்ட் வாக்கெடுப்பு வரும் ஒவ்வொரு முறையும் ஆவணங்களை வாசித்து, இரு பக்க வாதங்களையும் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்பும் மூவர் குழுவை அமைப்பது. மிச்சம் அக்காவும் கணக்கியல் தம்பியும் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர் தேவை.

மூன்று, டிரஸ்ட் சபைத் தேர்தலில் சங்கம் என்ற முறையில் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை. நம்மவர் ஒருவர் நின்றாலும் இதுவே விதி. இதற்கு எதிர்ப்பு இருப்பது எனக்குத் தெரியும். வாக்கெடுப்பில் பார்த்துக்கொள்வோம்.

மண்டபத்துக்கு ஏற்பாடு செய்தவர்களுக்கும், சமையலறையில் நின்ற சகோதரிகளுக்கும், வெம்பிளிக்குப் போன நாளில் முதியவர்களைக் கைப்பிடித்துப் படியேற்றிய இளைஞர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் கணக்கறிக்கைக்கு முன் கேட்கவும், பொருளாளர் நீண்ட நேரம் எடுப்பார்.

செயலாளர்