பராசியும் 31ஆம் எண்ணும்

மெல்பர்ன்

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

ரான் பராசியை சிட்னி ஸ்வான்ஸ் என்ற ஃபுட்டி (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) அணியின் பயிற்சியாளராகத்தான் தெரியும், மெல்பர்னில் ஏன் அவரை இப்படிக் கொண்டாடுகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். நீ பார்த்தது 1993 முதல் 1995 வரை, அவருடைய கடைசி சீசன்கள். அதுவும் தோல்விமேல் தோல்வியாக வாங்கிக்கொண்டிருந்த அணியை ஏற்றுக்கொண்ட காலம்.

அவருடைய அப்பாவும் ஃபுட்டி ஆட்டக்காரர். 1940இல் மெல்பர்ன் அணியோடு கோப்பை வென்றார். மறு வருடமே டோப்ரூக் போரில் இறந்துவிட்டார். மகனுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவோடு ஆடிய நார்ம் ஸ்மித் பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளரானார். பையனைத் தன் வீட்டுக் கொல்லையில் இருந்த சின்ன அறையில் தங்கவைத்து வளர்த்தார். அப்பாவின் 31ஆம் எண் சட்டையே மகனுக்கும் கிடைத்தது. ஸ்மித்தின் கீழ் ஆறு கோப்பைகள்.

அந்த வீட்டுப் பிள்ளை 1965இல் போட்டி அணியான கார்ல்டனுக்குப் போனார், ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும். முதலில் கேட்டபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் யோசித்துப் பார், ஸ்மித்தின் இடத்துக்கு அவர் ஆசைப்பட்டிருப்பாரா? பயிற்சியாளராக வேண்டுமென்றால் வெளியேதான் போயாக வேண்டும்.

1970 இறுதி ஆட்டத்தைத்தான் உனக்குச் சொல்ல ஆசை. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில் 1,21,696 பேர். பாதி ஆட்டத்தில் எதிரணி காலிங்வுட் 44 புள்ளி முன்னால். இடைவேளையில் பராசி கார்ல்டன் ஆட்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: ஹேண்ட்பால் ஆடுங்கள். தூக்கி உதைத்துவிட்டுக் காத்திருக்காமல், ஓடி வருபவன் கைக்குப் பந்தைக் கொடுங்கள். அப்புறம் பெஞ்சிலிருந்து டெட் ஹாப்கின்ஸை இறக்கினார். அவர் நாலு கோல் அடித்தார். 10 புள்ளியில் வெற்றி!

என் மகளுக்கும் இப்போது அதைத்தான் சொல்லித் தருகிறேன். ஒரு உள்ளங்கையில் பந்து, மறு கை முஷ்டியால் ஒரே குத்து. எறியக் கூடாது. விரல் மொளி சிவந்துபோகிறது, ஆனாலும் விடமாட்டேன் என்கிறாள்.

பிறகு பராசி நார்த் மெல்பர்ன் அணிக்குப் பயிற்சியாளரானார். அதுவரை கோப்பையே காணாத அந்த அணிக்கு 1975இல் முதல் கோப்பை, 1977இல் இன்னொன்று. 1981இல் தன் பழைய மெல்பர்ன் அணிக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். கோப்பை வரவில்லை. ஆனால் அந்த நாட்களில்தான் அயர்லாந்திலிருந்து ஜிம் ஸ்டைன்ஸ் என்ற பையன் வந்து சேர்ந்தான். 1991இல், சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பிரௌன்லோ பதக்கம் வாங்கியதும் அவன்தான். எனக்கு இது கோப்பைக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

2023 செப்டம்பரில் பராசி காலமானார், 87 வயதில். எம்.சி.ஜி. வாசலில் சிலை இருக்கிறது. நீ இங்கே வரும்போது முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். எந்த மாதம் வருகிறாய், எழுது.

அன்புடன்,
முரளி