மோட்டார் மேளத்துக்கு நீலாம்பரி தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்ததிலிருந்து உங்கள் நாளிதழில் தினமும் அரைப் பக்கம் சென்னைக் கச்சேரிகளுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். யார் தோடியை எவ்வளவு நேரம் பாடினார் என்பதில் தொடங்கி எந்த சபா கேண்டீனில் அடை நன்றாக இருந்தது என்பது வரைக்கும் வருகிறது. குன்னூர்க் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நானும் ஒரு வரி விடாமல் படிக்கிறேன், குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்த இருபது நாளில் நாகசுரம் என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று பழைய பேப்பர்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். இரண்டே தடவை. இரண்டுமே 'மங்கள இசையுடன் விழா தொடங்கியது' என்ற வரியில். வாசித்தவர் யார் என்று பேர்கூட இல்லை.

சரி, சென்னையிலாவது அந்த ஒரு வரி இருக்கிறது. எங்கள் தெருவுக்கு அதுவும் இல்லாமல் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

எங்கள் வீட்டிலிருந்து நாற்பது படி ஏறினால் ஒரு முருகன் கோயில். எந்தக் கோயில் என்று எழுதப் போவதில்லை, எழுதினால் நாளைக்குக் கமிட்டியார் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அங்கே இப்போது மேளம் என்றால் சுவரோரமாக இரும்புச் சட்டத்தில் நிற்கும் மோட்டார் மேளம்தான். ஸ்விட்சைப் போட்டால் மணி, முரசு, ஜால்ரா எல்லாம் சேர்ந்து ஒரே அடியாக அடிக்கும். காலையில் நடை திறக்கவும் அதே அடி, ராத்திரி பள்ளியறைக்கும் அதே அடி. நம்மை எழுப்புகிறார்களா தூங்க வைக்கிறார்களா என்று முருகனுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

என் சின்ன வயதில் அப்படியில்லை. மாயவரம் பக்கத்திலிருந்து ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த ஒரு நாகசுரக்காரர், கடைசிவரைக்கும் இங்கேயே இருந்துவிட்டார். எங்களுக்கு அவர் மேளக்காரத் தாத்தா. விடியலில் அவர் பூபாளமோ பௌளியோ எடுத்தால் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள், ராத்திரி நீலாம்பரி கேட்டால் நாங்கள் புத்தகத்தை மூடிவிடலாம். எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது, அதற்குச் சாவி கொடுக்கத்தான் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சாமி புறப்பாடு என்றால் முதலில் தவில், அப்புறம் கம்பீரநாட்டையில் மல்லாரி. மல்லாரிக்கு சாகித்யம் கிடையாது, வெறும் சுரமும் தாளமும்தான், ஆனால் அதைக் கேட்டதும் சாமி வாசல் தாண்டிவிட்டது என்று கீழ்த்தெருவில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும், கோலத்தைப் பாதியில் விட்டவர்கள் அவசரமாக முடிப்பார்கள். சாமிக்குப் படைக்கும் தளிகைக்கு ஒரு மல்லாரி, தேருக்கு ஒரு மல்லாரி என்று தனித்தனியாக உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே கோயிலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். மெஷினைக் கேட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இந்த மலையில் அந்த வாத்தியத்தை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாகசுரத்தின் நுனியில் செருகி வாயில் வைத்து ஊதுகிற சீவாளி என்பது நாணல் தட்டையில் செய்வது, காவிரிக்கரை நாணலை வெட்டிப் பதப்படுத்தித் திருவாவடுதுறையில் செய்கிறார்கள். அங்கத்து வெயிலில் வளர்ந்த பொருளை ஆறாயிரம் அடி உயரத்தில் விடிகாலை நாலரை மணிக்கு வாயில் வைத்தால் அது லேசில் பேசுமா? தாத்தா சீவாளிகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஸ்வெட்டருக்கு உள்ளே நெஞ்சோடு ஒட்டி வைத்திருப்பார். வாசிக்கும் முன் ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் நனைத்து, 'பீ' என்று ஊதிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார். நாலாவதோ ஐந்தாவதோதான் அவருக்குப் பிடிக்கும். குளிரில் குழலுக்குள் காற்று சில்லிட்டிருந்தால் சுருதியும் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும். சுருதி பிடிக்கக் கூடவே ஒருவர் ஒத்து ஊதிய காலத்தில் கவலையில்லை, ஒத்தும் ஊதுகிற வாத்தியம்தானே, அதுவும் கூடவே இறங்கும். சுருதிப் பெட்டி வந்த பிறகு, அது அசையாமல் தன் இடத்திலேயே நிற்க, தாத்தா அதை முறைத்துக்கொண்டே ஊதி ஊதிச் சூடேற்றி மேலே வந்து சேருவார்.

தவில்காரர் பாடு இன்னும் மோசம். குன்னூரில் ஐப்பசி கார்த்திகை மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது. தோல் தளர்ந்து தவில் தொப் தொப்பென்று கேட்கும், குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டு அதன் பக்கத்தில் காட்டிக் காட்டி எடுப்பார். அதைவிட விரல் கூடுதான் பெரிய தலைவலி. வலது கை விரல்களில் மாட்டிக்கொள்ள, துணியைப் பசையில் நனைத்துச் சுற்றிக் காயவைத்துச் செய்கிற கூடு அது. மழைக்காலத்தில் செய்தால் காயவே காயாது, பூஞ்சணம் பூத்துவிடும். எங்கள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பக்கம் வேலை பார்த்தார். வேலைக்குப் போகும்போது தவில்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் கொடுப்பார், அப்பா அதை டிரையருக்குப் பக்கத்தில் வைத்துச் சாயங்காலம் கல் மாதிரிக் காய்ந்த கூடுகளைத் திருப்பிக் கொண்டுவருவார். கூட்டில் தேயிலை வாசம் அடிக்கும். பின்னால் நானும் அதே தொழிற்சாலையில் சேர்ந்து, அப்பா ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பொட்டலம் என் கைக்கு வந்தது. கச்சேரியில் எனக்கு இருந்த ஒரே பங்கு அதுதான், இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

சீவாளி வாத்தியம் இந்த மலைக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. இந்த நீலகிரியின் பழங்குடிகளான கோத்தர்கள் எத்தனையோ தலைமுறையாகக் கொள் என்ற குழலை ஊதுகிறார்கள், அதிலும் சீவாளிதான். ஊதுகிறவனுக்கு ஊரில் இடம் இருந்தால் குளிர் ஒரு பொருட்டே இல்லை.

தாத்தா இருந்தவரை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பேரைச் சொன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பேசுவார். கட்டையாக, உச்ச சுருதியில் கத்தும் திமிரி நாகசுரம் புழங்கிய காலத்தில், நரசிங்கம்பேட்டை ஆசாரியிடம் சொல்லி நீளமான பாரி நாகசுரத்தைச் செய்யவைத்தவர் அவர். 1956இல் காலமானார். அவர் தோடியை இன்னமும் ஒலிப்பதிவில் கேட்டு உருகுகிறோம், ஆனால் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைக்கவே இல்லை. இன்னொரு நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல் கொடுத்தார்கள், அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, உங்கள் நாளிதழிலும் படத்தோடு வந்தது, வெட்டி வைத்திருக்கிறேன். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, பல வருடம் காய்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். அவ்வளவு பாடுபட்டுச் செய்து வைத்ததை ஊத, கோயிலில் ஆள் வேண்டாமா?

கமிட்டியாரைத் திட்டவும் மனசு வரவில்லை. தாத்தாவுக்குப் பிறகு மகன் வாசித்தார், அவருக்குப் பிள்ளை குட்டி உண்டு, கோயில் கொடுத்த சம்பளம் வாடகைக்கே போதவில்லை, கூடக் கேட்டார், உண்டியலில் அவ்வளவு வரவில்லை என்றார்கள். மெஷினுக்கு ஒரு தடவை பணம் கொடுத்தால் போதும், சாப்பாடும் கேட்காது லீவும் கேட்காது. அவர் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் அதே வருடம் கோபுரத்துக்கு சீரியல் பல்பு மாற்றினார்கள், அதற்கு மட்டும் நன்கொடை எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கத்தான் செய்தேன். கல்யாணங்களில் இப்போது கேரளத்துச் செண்டை மேளம் வருகிறது. செண்டை நல்ல வாத்தியம், எனக்கு அதன் மேல் கோபம் இல்லை. ஆனால் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் கெட்டி மேளத்தை மொபைலில் போட்டு மைக் பக்கத்தில் பிடிப்பதைப் போன மாதம் கண்ணால் பார்த்தேன், நடுவில் விளம்பரம் வந்துவிட்டது.

போன ஐப்பசியில் லைன் மேல் மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. தீபாராதனைக்கு மெஷின் ஊமையாக நின்றது. குருக்கள் கைமணியை ஆட்டிக்கொண்டே ஆரத்தி காட்டினார், ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் சொல்லும் மந்திரம் என் காதில் விழுந்தது. அன்று கமிட்டித் தலைவரும் பக்கத்தில்தான் நின்றார். படி இறங்கும்போது, "அந்த மேளக்காரர் மகன் நம்பர் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. மகனுக்கு இப்போது முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. பேரன் பழனியில் தேவஸ்தானம் நடத்தும் நாகசுரப் பள்ளியில் படித்து முடித்திருக்கிறான், தைப்பூசத்துக்கு மூன்று நாள் வந்து வாசிக்க ஒத்துக்கொண்டிருக்கிறான். தவிலுக்கு அவன் கூடப் படித்த பையன் வருகிறான். தங்க இடம் எங்கள் வீட்டில், சம்பளத்துக்குத் தெருவில் வசூல் செய்துவிட்டோம், மழை இருந்தாலும் கூடு காயவைக்கத் தொழிற்சாலையில் சொல்லி வைத்திருக்கிறேன். கமிட்டியார் மெஷின் மேல் ஒரு படுதாவைப் போட்டு மூடிவைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சென்னைக்குப் போகும் உங்கள் நிருபர்களில் ஒருவரை இந்த ஒரு தடவை மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே அனுப்புங்கள். பையன் பேரை மறக்காமல் போடச் சொல்லுங்கள். விடிகாலை நாலரைக்கு ஆரம்பம், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்,
குன்னூர்