டிஸ்கை உருவிப் பார்த்துவிட்டு வாங்கு

அன்புள்ள மாப்ள,

கடிதம் பார்த்தேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து கிரிவலப் பாதையில் பாதி தூரம் நடக்கிறார்கள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே காட்பாடியில் மாசி மாசமே இன்னும் முடியவில்லை, அதற்குள் பதினொரு மணிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலேஜ் ஃபைல்களை எல்லாம் வைக்கிற ஸ்டோரேஜ் சர்வர் வாங்கும் கமிட்டியில் உன்னைப் போட்டுவிட்டார்கள், மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது, எதை வாங்குவது என்று கேட்கிறாய். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிற 240 டெராபைட்டை முதலில் மறந்துவிடு. 20 டெராபைட் டிஸ்க் பன்னிரண்டு, அவ்வளவுதான் அந்தக் கணக்கு. விண்டோஸில் ஒரு டிஸ்க் 18.2 என்றுதான் காட்டும், டிஸ்க் கெட்டாலும் ஃபைல் போகாமலிருக்க இரண்டு டிஸ்க் பாதுகாப்புக்குப் போய்விடும், மீதி 182, அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டால்தான் வேகம் குறையாது. கடைசியில் கைக்கு வருவது 145 சொச்சம்.

அந்த இரண்டு டிஸ்கில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதே. "ரெய்டு 5 போதும் சார், ஒரு டிஸ்க் மிச்சம்" என்று ஒருத்தராவது வந்து சொல்வார். ரெய்டு என்பது டிஸ்க் கெட்டாலும் தாங்குகிற மாதிரி பல டிஸ்கைச் சேர்த்து வைக்கிற முறை; 5 என்றால் ஒரு டிஸ்க் போனால் தாங்கும், 6 என்றால் இரண்டு போனாலும் தாங்கும். 20 டெராபைட் டிஸ்க் ஒன்று போனால், புது டிஸ்கில் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். நொடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் வேறு வேலையே இல்லாமல் ஓடினாலும் அதற்கு 22 மணி நேரம், எல்லோரும் ஃபைலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் நாள்கணக்கில் இழுக்கும். எல்லாம் ஒரே லாட்டில் வந்த டிஸ்க், ஒரே வயசு, ஒரே சூடு. அந்த நேரம் பார்த்து இன்னொன்று போனால் மொத்தமும் போச்சு. அதனால் ரெய்டு 6, இசட்எஃப்எஸ் (டிஸ்குகளைச் சேர்த்து நிர்வகிக்கிற சாஃப்ட்வேர்) என்றால் அதற்குச் சமமான ரெய்டு-இசட்2.

பெரிய கம்பெனி பெட்டியா, இசட்எஃப்எஸ் போட்டு நாமே ஓட்டுவதா என்றும் கேட்டிருந்தாய். எனக்கு இசட்எஃப்எஸ் பிடிக்கும். ஒவ்வொரு டேட்டா துண்டுக்கும் செக்சம், அதாவது சரிபார்க்கிற எண், வைத்திருப்பதால் படிக்கும்போதே கெட்டதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும், லைசென்ஸ் காசும் இல்லை. ஆனால் அது தெரிந்த ஆள் உன் காலேஜில் நீ ஒருத்தன்தானே, நீ மகள் கல்யாண வேலையில் அலையும்போது யார் பார்ப்பார்கள்? இன்னொரு பையனைப் பழக்க முடியுமென்றால் தைரியமாக அதையே போடு. முடியாதென்றால் கம்பெனி பெட்டி, ஆனால் வாரண்டி முடிந்த பிறகு ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) எவ்வளவு என்று இப்போதே எழுதி வாங்கு, அப்புறம் கேட்டால் அவர்கள் சொல்வதுதான் விலை. "நாலு மணி நேரத்தில் ஆள் வருவார்" என்பதையும் அப்படியே நம்பிவிடாதே. எங்களுக்கு வந்தவரைக் குடைந்து கேட்டதில், அது சென்னைக்குள் மட்டும், வேலூருக்கு மறுநாள்தான் என்றார். திருவண்ணாமலைக்கு என்ன சொல்வாரோ.

பில் பாஸ் பண்ணுவதற்கு முன்னால் ஒன்று செய். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வந்த ஆள் எதிரில் ஒரு டிஸ்கை உருவு. இங்கே நான் லீவரைத் தட்டி இழுத்ததும் இன்ஜினியர் "சார், சார்" என்று ஓடி வந்தார். ஆரஞ்சு விளக்கு எரிந்தது, அலாரம் கத்தியது, ஆனால் எங்களுக்கு வரவேண்டிய மெயில் மட்டும் வரவில்லை. பார்த்தால் மெயில் செட்டிங்கே போடவில்லை! சாயங்காலத்துக்குள் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் செக் வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு, மணிக்கு ஒன்று எடுக்கிற மாதிரி வை. எங்கள் எக்ஸாம் செக்‌ஷன் அம்மா ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டுக் கண் கலங்கி வந்து நின்றார். ரைட் கிளிக் பண்ணி பழைய வெர்ஷனைத் திறந்தால், காலை பதினொரு மணிக்கு இருந்தது அப்படியே இருந்தது. அதற்காக அதையே பேக்கப் என்று நினைத்துவிடாதே, வேறு கட்டடத்தில் இன்னொரு பெட்டி வேண்டும். அதற்கும் இதே பட்ஜெட்டில் காசு ஒதுக்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டால் நிச்சயம் வராது.

மூன்று கொட்டேஷனையும் ஸ்கேன் பண்ணி அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
உன் காட்பாடிக்காரன்